கிளை இடம் மாறினாலும் கணக்கு நம்முடையதே

(உழவர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விதை நேர்த்தி பற்றியும் நுண்ணுயிர் உரம் பற்றியும் பேசி வந்த இந்த மேடையில், வங்கிக் கணக்கைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பயிர் விஞ்ஞானி அல்லன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கிராமத்து வங்கிக் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது சொந்த ஊரில் இரண்டு ஏக்கரில் நெல்லும், நெல்லுக்குப்பின் உளுந்தும் போட்டு வருகிறேன். ஆகவே கல்லாவின் இருபுறமும் நின்று பார்த்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வங்கிக் கிளை இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதைப் பதினோரு கிலோமீட்டர் தள்ளியுள்ள தாலுகா ஊர்க் கிளையோடு இணைத்துவிட்டார்கள். கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. அடுத்த மாதம் கட்டடத்தில் பூட்டுத் தொங்கியது. எங்கள் சித்தப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. சென்ற குறுவையில் அவருக்கு நடவு. பதினாறு பேருக்குக் கூலி கொடுக்க 8,000 ரூபாய் வேண்டும். கணக்கில் பணம் இருந்தது. நடவன்று மதியம் கடைத்தெருவில் உள்ள வங்கி முகவர் கடைக்குப் போய் ரேகை வைத்தார். முதல் தடவை விழவில்லை. இரண்டாம் தடவையும் விழவில்லை. மூன்றாம் தடவை வைத்த பிறகு, "சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா வெறுங்கையோடு திரும்பினார். கரையேறிய பெண்கள் கூலிக்காக வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு வழியின்றி நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டிக்குக் கைமாற்று வாங்கிக் கொடுத்தார்.

அன்று இரவு அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். மதியமே ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அவர் படிக்கவில்லை. கணக்கிலிருந்து 8,000 ரூபாய் எடுக்கப்பட்டதாக அது சொல்லியது. பணம் கணக்கிலும் இல்லை, கையிலும் இல்லை!

அந்தப் பணம் திரும்பி வந்தது. எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இன்று நான் சொல்ல வந்தது இதுதான். கிளையில் பணம் எடுத்த காலத்தில் நமக்கு நான்கு சாட்சிகள் இருந்தார்கள். சீட்டை வாங்கி டோக்கன் கொடுத்த எழுத்தர் ஒருவர், கையெழுத்தைச் சரிபார்த்த கணக்கர் ஒருவர், எண்ணிக் கொடுத்த காசாளர் ஒருவர், மாலையில் கணக்கை முடித்த மேனேஜர் ஒருவர். கிளை போனபோது கட்டடம் மட்டும் போகவில்லை, அந்த நான்கு சாட்சிகளும் போய்விட்டார்கள். இனி நமக்கு நாமே சாட்சியாக இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதோடு, ஊராகச் சேர்ந்து கேட்டுப் பெற வேண்டியவற்றைக் கேட்டுப் பெறவும் வேண்டும்.

கிளைகள் வந்ததும் குறைந்ததும்

1969ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. அப்போது நாடு முழுவதிலும் இருந்த வணிக வங்கிக் கிளைகள் ஏறத்தாழ 8,200தான். அவற்றில் கிராமங்களில் இருந்தவை இரண்டாயிரத்துக்கும் குறைவு. 1975இல் வட்டார கிராம வங்கிகள் தொடங்கின. 1977இல் ரிசர்வ் வங்கி ஒரு விதி வகுத்தது. ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் ஒரு புதுக்கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு கிளைகள் திறக்க வேண்டும் என்பது அந்த விதி. 1990 வரை அது நடைமுறையில் இருந்தது. நம்மில் பலருடைய ஊருக்குக் கிளை வந்தது அந்தக் காலத்தில்தான். 1990 வாக்கில் கிராமக் கிளைகளின் எண்ணிக்கை முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

பிறகு காலம் மாறியது. 2017இல் ஸ்டேட் வங்கியோடு அதன் துணை வங்கிகள் இணைந்தன. 2019 ஏப்ரலில் பல்லவன் கிராம வங்கியும் பாண்டியன் கிராம வங்கியும் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியிலும் கலந்தன. கரூரில் 1926இல் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது. இரண்டு வங்கிகள் ஒன்றாகும்போது ஒரே வட்டாரத்தில் இரண்டு கிளைகள் எதற்கு என்ற கேள்வி வருகிறது. கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் பழக்கம் பெருகியதால் கிளைக்கு வருவோரும் குறைந்தனர். செலவுக் கணக்குப் பார்க்கும் வங்கிக்கு இவை போதுமான காரணங்கள்.

நம் நிலைமை வேறு. நமக்கு வரவு எல்லாம் கணக்கின் வழியாக வருகிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கும், ஆலைக்கு அனுப்பிய கரும்புக்கும் பணம் வங்கியில் ஏறுகிறது. 2019இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் கணக்கில்தான் வருகிறது. செலவோ பெரும்பாலும் ரொக்கமாகப் போகிறது. நடவுக் கூலி, களைக் கூலி, உழவு வாடகை, அறுவடை ஆட்களின் கூலி, வண்டி வாடகை ஆகியவற்றை அன்றே, களத்திலேயே, கையில் கொடுக்க வேண்டும். வரவு ஒரு பாதையிலும் செலவு வேறு பாதையிலும் இருக்கும்போது, இரண்டுக்கும் நடுவே பாலமாக இருந்தது அந்தக் கிராமக் கிளை.

பணத்துக்கும் ஒரு பயிர்ப் பட்டியல்

எந்த நாளில் மேலுரம் இடுவது, எந்த நாளில் களையெடுப்பது என்று நாம் குறித்து வைக்கிறோம். அதுபோல ரொக்கம் வேண்டிய நாட்களையும் குறித்து வைக்க வேண்டும். நெல்லுக்கு நாற்றங்கால், உழவு, நடவு, முதல் களை, அறுவடை ஆகிய ஐந்து சமயங்களில்தான் பெருந்தொகை தேவைப்படும். உங்கள் ஊர்க் கூலி விகிதப்படி ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், முகவரிடம் ரேகை வைத்து எடுக்கும்போது ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. ஒரு நாளில் எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு என்பதை அந்தந்த வங்கி வரையறுக்கிறது. மேலும் முகவர் கொடுப்பது தம் கல்லாவில் உள்ள பணத்தை. உதவித்தொகை வரும் நாட்களில் கூட்டம் சேர்ந்து, பகலுக்குள் கல்லா காலியாகிவிடும். ஆகவே நடவுக்கு முதல்நாளே, பெரிய தொகையானால் மூன்று நாள் முன்பே, எடுத்துவிடுங்கள். எவ்வளவு வேண்டும் என்று முகவரிடம் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். சித்தப்பா செய்த முதல் தவறு, நடவு நடக்கும் அன்றே பணத்துக்குப் போனது. அதற்காக ஒரு பருவத்துப் பணம் முழுவதையும் எடுத்து அரிசிப் பானையில் வைக்கவும் வேண்டாம். ஒரு வாரத் தேவை கையில் இருந்தால் போதும்.

முகவர் கடையில் கவனிக்க வேண்டியவை

2006இல் ரிசர்வ் வங்கி அனுமதித்த ஏற்பாடு இது. வங்கியின் சார்பில் ஊர்க்காரர் ஒருவர் ரேகை இயந்திரம் வைத்துப் பணம் கொடுக்கிறார், வாங்குகிறார். பலர் நேர்மையாக, சொற்ப வருவாய்க்குச் சேவை செய்கிறார்கள். கிளை போன ஊரில் அவர்கள் இல்லையென்றால் நம் பாடு இன்னும் திண்டாட்டம். ஆனால் நல்லவரிடமும் கணக்கைச் சரிபார்த்து வாங்குவதே முறை. கீழ்க்கண்டவற்றைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

1. கடையில் வங்கியின் பெயர்ப்பலகை, எந்தக் கிளையின் கீழ் அந்த முகவர் இயங்குகிறார் என்ற விவரம், புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். அவற்றை ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள்.

2. ரேகை வைக்குமுன் இயந்திரத்தில் எந்தத் தொகை பதிவாகியுள்ளது என்று பாருங்கள். இருப்புப் பார்க்க வைக்கும் ரேகைக்கும் பணம் எடுக்க வைக்கும் ரேகைக்கும் விரலில் வேறுபாடு தெரியாது. திரையைப் பார்த்தால்தான் தெரியும். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிப்பிள்ளை ஒருவரை உடன் அழைத்துப் போகலாம்.

3. ரேகை விழவில்லை என்றால் அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு தடவையும் என்ன வந்தது என்று கேளுங்கள். தோல்வி என்றாலும் அதற்குரிய சீட்டை வாங்குங்கள். சித்தப்பா செய்த இரண்டாவது தவறு, சீட்டு வாங்காமல் வந்தது.

4. பணத்தை எண்ணி, சீட்டில் உள்ள தொகையோடு ஒப்பிட்டு, மீதி இருப்பையும் பார்த்த பிறகே கடையை விட்டு இறங்குங்கள்.

5. முகவர் தாமாக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. அவருக்கு வங்கி தரகு தருகிறது. வங்கிக்குரிய கட்டணம் ஏதேனும் இருந்தால் அது கணக்கில் பிடிக்கப்பட்டுப் பாஸ் புத்தகத்தில் தெரியும். "ஆயிரத்துக்குப் பத்து ரூபாய்" என்று கையில் கேட்பது முறையன்று.

6. கணக்கோடு உங்கள் சொந்தக் கைப்பேசி எண் இணைந்திருக்கட்டும். முகவரின் எண்ணோ, பக்கத்து வீட்டார் எண்ணோ இருக்கக்கூடாது.

7. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, நேரம், தொகை, மீதி ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கிளைக்குப் போய்ப் பாஸ் புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து, நோட்டோடு ஒத்துப் பாருங்கள்.

மண்ணிலும் சேற்றிலும் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்து போவது இயல்பு. கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பாருங்கள். பத்து விரல்களில் எது நன்றாக விழுகிறதோ அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த விரலும் விழாவிட்டால் ஆதார் சேவை மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம். ரேகைக்குப் பதில் ஏ.டி.எம். அட்டையைப் பயன்படுத்தும் வசதியும் பல முகவர் இயந்திரங்களில் உண்டு. ஆனால் இரகசிய எண்ணை நீங்களேதான் அழுத்த வேண்டும். அட்டையின் உறைமேல் எண்ணை எழுதி வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம்.

பணம் பிடிக்கப்பட்டு கையில் வராவிட்டால்

இப்போது சித்தப்பாவின் 8,000 ரூபாய்க்கு வருகிறேன். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஏ.டி.எம்.மிலோ முகவர் இயந்திரத்திலோ கணக்கில் பற்று எழுதப்பட்டு, கையில் பணம் வராவிட்டால், 5 நாட்களுக்குள் அந்தத் தொகை கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதற்குமேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும். அதுவும் அவர் கேட்கும்வரை காத்திராமல் தர வேண்டும் என்பது விதி.

மறுநாள் காலை குறுஞ்செய்தியில் இருந்த தேதி, நேரம், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். சித்தப்பா கையெழுத்திட்டார். தாலுகா ஊர்க் கிளைக்குப் போய் அதைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வந்தோம். பணம் ஒன்பதாம் நாள் கணக்கில் ஏறியது. நான்கு நாள் தாமதத்துக்கு 400 ரூபாய் வர வேண்டும். அது தானாக வரவில்லை. மறுபடி ஒரு கடிதம் எழுதியபின் வந்தது. கைமாற்று வட்டி கொடுத்ததில் பாதிக்குமேல் அதில் ஈடாயிற்று. எங்களைக் காப்பாற்றியது அந்தக் குறுஞ்செய்திதான். கணக்கில் அவருடைய கைப்பேசி எண் இல்லாமல் இருந்திருந்தால், பாஸ் புத்தகம் பதியும்வரை எங்களுக்கு எதுவும் தெரிந்திராது.

எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்கள் ஆகியும் வங்கி பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 2021 நவம்பரில் எல்லா வங்கிகளுக்குமாக ஒரே குறைதீர்ப்பு ஏற்பாடு தொடங்கியது. அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, தமிழிலேயே எழுதித் தபாலில் அனுப்பலாம். விவரம் கேட்க 14448 என்ற எண். ஆனால் முதலில் வங்கிக்கு எழுதியதற்கு அத்தாட்சி இருக்க வேண்டும். ஆகவே வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

உங்களுக்குத் தெரியாமலே பணம் போயிருந்தால் அது வேறு. அது மோசடி. அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். மூன்று வேலை நாட்களைத் தாண்டினால் உங்கள் தரப்பு பலவீனமாகிவிடும்.

நகைக்கடனும் பயிர்க்கடனும்

முகவர் கடையில் பணம் எடுக்கலாம், போடலாம். கடன் விஷயங்களுக்குக் கிளைக்குத்தான் போக வேண்டும். உங்கள் கிளை வேறு கிளையோடு சேர்ந்தால் உடனே மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது, நகை. அடகு வைத்த நகை பழைய கிளையின் பெட்டகத்திலிருந்து புதிய கிளைக்குப் போகும். நகைக்கடன் அட்டையில் உள்ள உருப்படிகள், மொத்த எடை, நிகர எடை ஆகியவற்றைக் கிளை மாறுமுன் ஒருமுறை சரிபாருங்கள். எந்தக் கிளைக்கு மாறுகிறது, மீட்க எங்கே வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மீட்கும்போது உங்கள் கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள். 2025இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நகைக்கடன் விதிகளின்படி, கடன் முழுவதும் அடைந்தபின் நகையை அன்றே, அதிகம் போனால் 7 வேலை நாட்களுக்குள், திருப்பித் தர வேண்டும். கடன் கொடுத்தவர் தரப்பில் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

இரண்டாவது, பயிர்க்கடன். உழவர் கடன் அட்டையை உரிய காலத்தில் புதுப்பித்து, தவணை தவறாமல் கட்டினால்தான் வட்டிச் சலுகை கிடைக்கும். கிளை பக்கத்தில் இருந்தபோது மேனேஜரே வழியில் பார்த்து நினைவூட்டுவார். இப்போது நினைவூட்ட ஆளில்லை. கெடு நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.

மூன்றாவது, எண்கள். வங்கிகள் இணையும்போது ஐ.எஃப்.எஸ்.சி. என்னும் கிளைக் குறியீடு மாறுகிறது. சில வேளை கணக்கு எண்ணும் மாறுகிறது. புதிய பாஸ் புத்தகம் வாங்கி, அதன் நகலைக் கொள்முதல் நிலையம், கரும்பு ஆலை, பால் சங்கம் ஆகிய இடங்களில் கொடுத்து விடுங்கள். பழைய குறியீட்டுக்கு அனுப்பிய நெல் பணம் திரும்பிப் போய், அடுத்த பட்டத்துக்கு விதை வாங்க முடியாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே போகும். இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்கள் எது அந்தக் கணக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தபால்காரரும் கூட்டுறவுச் சங்கமும்

2018 செப்டம்பரில் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம், தபால்காரரும் இப்போது கையடக்க இயந்திரத்தோடு வருகிறார். எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும் ஆதார் இணைந்திருந்தால் அவரிடம் ரேகை வைத்துப் பணம் பெறலாம். வீட்டுக்கு வந்து செய்யும் சேவைக்குக் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முகவர் கடையில் இயந்திரம் பழுதானால் அஞ்சலகம் இரண்டாவது வழியாக இருக்கும். ஒரே மோட்டாரை நம்பித் தோட்டம் முழுவதையும் வைப்பதில்லை அல்லவா? பணத்துக்கும் இரண்டு வழி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் நம் ஊர்களில் இன்னும் நிற்கிறது. தமிழ்நாட்டில் இத்தகைய சங்கங்கள் நாலாயிரத்துக்கு மேல் உள்ளன. பயிர்க்கடன், நகைக்கடன், உரம் எல்லாம் அங்கே கிடைக்கின்றன. சேமிப்பும் வைக்கலாம். ஆனால் ஒன்றை அறிந்து வையுங்கள். வணிக வங்கியிலும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலும் போட்ட பணத்துக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. தொடக்கச் சங்கத்தில் போட்ட வைப்புக்கு அந்தக் காப்பீடு இல்லை. சங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்றாடப் புழக்கத்துக்குச் சங்கம், பெருந்தொகைக்கு வங்கி என்று பிரித்து வைத்தால் நிம்மதி. சங்கத்தின் உறுப்பினர் என்ற முறையில் பேரவைக் கூட்டத்துக்குப் போய்க் கணக்கைக் கேட்பதும் நம் கடமை.

மூடுமுன் ஊர் செய்ய வேண்டியது

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. நகரக் கிளையை வங்கி தன் விருப்பப்படி மூடலாம். கிராமக் கிளையை மூடவோ இணைக்கவோ வேண்டுமானால் மாவட்ட ஆலோசனைக் குழுவின் அல்லது மாவட்ட அளவிலான மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சிறு நகரத்தில் உள்ள ஒரே கிளைக்கும் இப்படித்தான். ஆலோசனைக் குழுவின் தலைவர் மாவட்ட ஆட்சியர். முன்னோடி வங்கி மேலாளர் அதைக் கூட்டுகிறார். அந்த ஊரின் வங்கித் தேவை தொடர்ந்து நிறைவேற வழி செய்யப்பட்டுள்ளதா என்று அக்குழு பார்க்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்கும் போதிய காலம் முன்பே தெரிவிக்க வேண்டும்.

இது நம் நாட்டுச் சிக்கல் மட்டுமன்று. இங்கிலாந்தில் 2015 முதல் ஆயிரக்கணக்கான கிளைகள் மூடப்பட்டன. அங்கே 2023இல் ஒரு சட்டம் இயற்றி, 2024 செப்டம்பர் முதல், ஒரு கிளை மூடப்படுமுன் ஊர்மக்களுக்குப் பணம் கிடைக்க வேறு வழி உண்டா என்று ஆராய வேண்டும் என ஏற்பாடு செய்தார்கள். ஊர்மக்களே அந்த ஆய்வைக் கேட்கவும் முடியும். பல ஊர்களில் எல்லா வங்கிகளுக்கும் பொதுவாக ஒரு கூடம் திறந்து, கல்லாவை அஞ்சலகத்தார் நடத்த, ஒவ்வொரு கிழமையிலும் ஒரு வங்கியின் அலுவலர் வந்து உட்காருகிறார். கேட்ட ஊருக்குத்தான் வழி பிறக்கிறது என்பதற்காக இதைச் சொன்னேன்.

எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற வங்கிக்காரனான நானும் கதவில் காகிதம் ஒட்டியபின்தான் விழித்தேன். அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு. நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். உங்கள் கிளை பற்றிப் பேச்சு அடிபட்டவுடனேயே கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். அதை ஆட்சியருக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கும் அனுப்புங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரிலும் கொடுங்கள். "கிளையை மூடாதே" என்று மட்டும் எழுதினால் பதில் ஒரு வரியில் வந்துவிடும். எத்தனை கணக்குகள், எத்தனை பயிர்க்கடன், எத்தனை நகைக்கடன், அடுத்த கிளைக்கு எவ்வளவு தூரம், பேருந்து எத்தனை தடவை, எத்தனை முதியவர்கள் என்று கணக்கோடு எழுதுங்கள்.

மூடுவது தவிர்க்க முடியாதது என்றால், அதற்கு ஈடாக இவற்றைக் கேளுங்கள். ஊரிலேயே ஒரு நிலையான முகவர் மையம் வேண்டும். வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 4 மணி நேரமாவது திறந்திருந்தால்தான் அதை வங்கி மையம் என்று ரிசர்வ் வங்கி ஏற்கிறது. அந்த நேரத்தைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒருநாள் நடமாடும் வங்கி வண்டியோ அலுவலரோ ஊருக்கு வர வேண்டும். பயிர்க்கடன் புதுப்பிக்கும் பருவத்தில் ஊரிலேயே ஒரு முகாம் நடத்த வேண்டும். கிளை ஏற்கெனவே போய்விட்ட ஊர்களும் இவற்றை இப்போதும் கேட்கலாம். எங்கள் ஊரில் காலம் கடந்து கேட்டும் கடன் முகாம் ஒன்று கிடைத்தது. பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு நாள் நடந்தது. அன்று ஒரே நாளில் பலருடைய கடன் அட்டை புதுப்பிக்கப்பட்டது.

வீட்டில் உள்ள முதியவர்கள்

எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கும், வாங்கும் வசதியைச் செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் கிளையில் எழுதிக் கேளுங்கள். குறைந்தபட்ச இருப்புக் கட்டாயம் இல்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் மாதத்துக்குக் குறைந்தது 4 தடவை இலவசமாகப் பணம் எடுக்கலாம். இருப்பு குறைந்ததென்று அபராதம் பிடிக்கப்படும் கணக்கு வைத்திருக்கும் பெரியவர்கள், அதை அடிப்படைக் கணக்காக மாற்றித் தரும்படி கேட்கலாம்.

முதியவரின் அட்டையையும் எண்ணையும் பேரன் வைத்துக்கொண்டு பணம் எடுத்துத் தருவது பல வீடுகளில் வழக்கம். பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனாலும் எடுத்த தொகையை நோட்டில் எழுதி, பெரியவருக்குப் படித்துக் காட்டும் பழக்கம் இருந்தால், பணமும் உறவும் இரண்டுமே கெடாது.

உழவர் பெருமக்களே! மழை பொய்த்தால் நம்மால் ஒன்றும் செய்ய இயலாது. கணக்கில் இருக்கும் நம் பணம் நடவன்று நம் கைக்கு வராமல் போவது அப்படிப்பட்டதன்று. அதற்கு விதி இருக்கிறது, கேட்க இடம் இருக்கிறது, எழுத நம் கையில் பேனா இருக்கிறது. இன்று ஊர் திரும்பும் வழியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிச் செல்லுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் கணக்கு எண்ணையும், கிளையின் தொலைபேசி எண்ணையும், 14448, 1930 ஆகிய இரண்டு எண்களையும் எழுதுங்கள். எங்கள் சித்தப்பா இந்தக் குறுவைக்கு நடவுக்கு இரண்டு நாள் முன்பே பணம் எடுத்து, சீட்டை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். நடவு முடிந்து கரையேறிய பெண்களுக்குப் பொழுது சாயுமுன் கூலி கிடைத்தது.